காய்ச்சலை மறைக்க வைக்கும் விதிகள்

எந்த ‘டே கேர்’ மையத்தில் குழந்தையைச் சேர்க்கப் போனாலும், பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளில் ஒரு நிபந்தனை இருக்கும்: காய்ச்சல், சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் குழந்தையை அனுப்பக் கூடாது. யாரும் மறுக்க முடியாத நிபந்தனைபோலத்தான் தெரியும். ஆனால், மழைக்காலத்துத் திங்கட்கிழமைக் காலையில் அது என்ன ஆகிறது என்பது மையம் நடத்துபவர்களுக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். விடியற்காலையில் உடம்பு சுட்டால் பாராசிட்டமால் சிரப் புகட்டப்படுகிறது. எட்டரை மணிக்குக் குழந்தை சிரித்துக்கொண்டே உள்ளே போகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கியதும் அம்மாவின் கைபேசி ஒலிக்கிறது. இதைப் பெற்றோரின் பொறுப்பின்மை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கோளாறு விதியில் இருக்கிறது. கடைப்பிடிக்க முடியாத விதியைப் போட்டால் நோய் நிற்காது, நோயைப் பற்றிய தகவல்தான் நிற்கும். ஒரு மையத்தின் நோய் விதி நல்லதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: குழந்தைக்கு என்ன செய்கிறது என்று பெற்றோர் உண்மையைச் சொல்ல அது இடம் தருகிறதா?

மருத்துவம் சொல்வதிலிருந்து தொடங்குவோம். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பல குழந்தைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்குப் போகத் தொடங்கிய முதல் ஆண்டில் அது இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் மூக்கொழுகலும் இருமலும் முழுதாக அடங்கப் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். கூட்டிப் பார்த்தால், ‘சளி இருந்தால் அனுப்பாதீர்கள்’ என்பதை நேர்மையாகக் கடைப்பிடிக்கும் தாய் ஆண்டில் இரண்டு மாதத்துக்கும் மேல் வேலைக்குப் போக முடியாது. அப்படிப் போகாமல் இருந்தாலும் பயன் குறைவுதான். சளி வைரஸ்கள் அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பும், தட்டம்மை, தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பும் தொற்றும். வாசலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் ஆயா எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் இவற்றைப் பிடிக்க முடியாது. அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதின்மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, சிறு வயதிலேயே பெரிய காப்பகங்களுக்குப் போனவர்களுக்கு இரண்டு வயதில் சளி கூடுதலாகவும், பள்ளிப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளில் குறைவாகவும் வந்ததைப் பதிவு செய்திருக்கிறது. இன்றைக்கோ சில ஆண்டுகள் கழித்தோ, பெரும்பாலான குழந்தைகள் கடந்தே தீர வேண்டிய நோய்களுக்குக் கதவை அடைப்பதில் நம் கவனமெல்லாம் செலவாகிறது.

கதவடைப்பின் எல்லையை 2022-இல் கண்ணெதிரே பார்த்தோம். கேரளத்தின் கொல்லம் பகுதியில் சிறு குழந்தைகளிடம் ‘தக்காளிக் காய்ச்சல்’ பரவியபோது, வாளையாறு எல்லையில் தமிழக சுகாதாரத் துறையினர் வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சோதித்தார்கள். அது கை, கால், வாய் நோயின் ஒரு வடிவமே என்று பின்னர் தெரியவந்தது. அந்த நோய்க்குக் காரணமான வைரஸ், கொப்புளமெல்லாம் ஆறிய பிறகும் குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். அதுவரை வீட்டிலேயே வைத்திருங்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தடுக்கும் இடம் வாசல் அன்று. டயபர் மாற்றும் மேசையும் கைகழுவும் குழாயும்தான். குழந்தைகள் காப்பகங்களிலும் பள்ளிகளிலும் சோப்பால் கைகழுவும் பழக்கத்தை ஊக்குவித்தால் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. கொரோனாவுக்குப் பிறகு எங்கும் காணப்படும் சானிடைசர் பாட்டில், நோரோ வைரஸ் போன்ற வயிற்று வைரஸ்களிடம் சோப்பும் தண்ணீரும் செய்யும் வேலையைச் செய்யாது. ஆகவே, ஒரு மையத்தைப் பார்க்கப் போகும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்பதை.

அப்படியானால் யாரையும் திருப்பி அனுப்பவே வேண்டாமா? வேண்டும், காரணம் தெரிந்து அனுப்ப வேண்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: குழந்தையால் வழக்கம்போல விளையாட, சாப்பிட முடிகிறதா? மற்ற குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டு இந்தக் குழந்தையோடு ஒருவர் இருந்தாக வேண்டுமா? கடுமையான தொற்று பரவும் ஆபத்து உண்டா? இந்த அளவுகோலில் மூக்கொழுகல் தேறிவிடும். சளி பச்சையாக, மஞ்சளாக வந்தாலும் தேறிவிடும். காய்ச்சலோடு சுருண்டு படுக்கும் குழந்தை வீட்டில் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்ற பிறகு 48 மணி நேரம் என்பது பிரிட்டன் கடைப்பிடிக்கும் கணக்கு. நமக்கும் அது பொருந்தும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரையும், தட்டம்மையில் தடிப்பு தோன்றி நான்கு நாள்வரையும், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாள்வரையும் வரக் கூடாது. இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே வரியில் அடைத்து, சளிக்கும் தட்டம்மைக்கும் ஒரே விதி போட்டால், பெற்றோர் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவார்கள். சளியை மறைத்துப் பழகிய வீடு தட்டம்மையையும் மறைக்கும்.

மறைப்பதன் விலை நம் ஊரில் இன்னும் அதிகம், காரணம் டெங்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குழந்தைக்கு வரும் காய்ச்சலில் இது எத்தனையாவது நாள் என்பது உயிரைக் காக்கும் தகவல். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, ரத்தக்கசிவு ஆகியவற்றை அப்போதுதான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மூன்று நாளாக மருந்து கொடுத்து அனுப்பியதைத் தாய் சொல்லாவிட்டால், நான்காம் நாள் சூடில்லாமல் வந்து மூலையில் படுத்திருக்கும் குழந்தையைப் பார்த்து ஆயா நிம்மதி அடைவார். காலையில் வீட்டில் கொடுத்தது தெரியாமல் மையத்தில் மறுபடி பாராசிட்டமால் கொடுத்தால் அளவு மீறும் அபாயம் வேறு. 2025-இல் நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை எச்சரித்தது. அத்தகைய சிரப்பைக் குழந்தைக்குக் கொடுத்துத்தான் மையத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற நிலைக்குப் பெற்றோரைத் தள்ளும் விதி, பாதுகாப்பு விதி என்ற பெயருக்குத் தகுதியில்லை.

நோயை வெளியே சொல்வது தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதும் அல்ல. அம்மை போட்டிருக்கும் வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர்கள் உள்ளே வர மாட்டார்கள், அந்த வீட்டைப் பழிக்கவும் மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே குழந்தை வெளியே வரும். மருத்துவரிடம் போக விடாமல் தடுத்தது, மருந்தை விலக்கியது என இந்த வழக்கத்தின் தீமைகளை மறக்கக் கூடாது. ஆனாலும், அறிவிப்பு, ஒதுங்கியிருத்தல், திரும்பி வரும் நாள் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. அவற்றில் அவமானம் இல்லை. இன்றைய காப்பகத்துக்கு வேண்டியது இந்தத் தெளிவுதான். ‘நம் மையத்தில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை வந்திருக்கிறது, இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்’ என்று குழந்தையின் பெயரைச் சொல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் அன்றைக்கே செய்தி அனுப்பினால், கர்ப்பமாக இருக்கும் தாயும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் பெற்றோரும் உடனே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள முடியும். மாறாக, பல இடங்களில் உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனைதான் காத்திருக்கிறது: வராத நாளுக்கும் கட்டணம், திரும்பி வரும்போது மருத்துவரின் சான்றிதழ். சாதாரணக் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்பதால் மருத்துவமனை வரிசை நீள்கிறது, கன்சல்டிங் கட்டணம் கூடுகிறது, தேவையில்லாத ஆன்டிபயாடிக் எழுதவும் வழி பிறக்கிறது. இனி இந்தக் குழந்தையிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்ற உறுதியை மட்டும் அந்தத் தாளால் தர முடியாது.

இவையெல்லாம் மையங்கள் தாங்களே திருத்திக்கொள்ளக் கூடியவை. அவற்றின் கையில் இல்லாதது சம்பளம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கூட்டிப் போங்கள் என்று அந்தக் காப்பகம் சொல்லும் நாளைப் பற்றி அது பேசவில்லை. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை. அவர் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்தால், அவருக்கு உடம்பு முடியாதபோது சம்பளத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். அவர் குழந்தைக்கு முடியாதபோது இ.எஸ்.ஐ. மருத்துவம் பார்க்கும், மருந்து கொடுக்கும். குழந்தையோடு அவர் வீட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும் ஒன்றும் தராது. சுவீடனில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள்வரை, சம்பளத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு, தாய் தந்தை இருவரில் யார் வேண்டுமானாலும் பெறலாம்; முதல் ஒரு வாரத்துக்கு மருத்துவச் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை. அந்த அளவுக்கு நாம் உடனே போக முடியாது. ஆண்டுக்கு ஐந்தாறு நாள், தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாக, ஏற்கெனவே சந்தா பிடிக்கும் இ.எஸ்.ஐ. வழியாகக் கொடுப்பது எட்டாத காரியம் அல்ல.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: விதியைத் தளர்த்தினால் எளிதில் நோய்வாய்ப்படும் குழந்தைகள்தானே பலியாவார்கள்? கவலை நியாயமானது. நம் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். அதற்கு முன்பே காப்பகத்துக்கு வரும் கைக்குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்களின் தடுப்பூசிதான் பெரிய காவல். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் ஊசி இருந்தாலும் அவை அரசின் இலவச அட்டவணையில் இல்லை. அதனால்தான் சேர்க்கும்போதே தடுப்பூசி அட்டையைப் பார்ப்பதிலும், தட்டம்மை போன்றவற்றில் நாள் கணக்கைக் கடுமையாகக் காப்பதிலும் தளர்வே கூடாது. சளிக்குக் காட்டும் கண்டிப்பைக் குறைத்தால்தான் இங்கே கண்டிப்பைக் காப்பாற்ற முடியும்.

சிறு மையங்களால் இதெல்லாம் முடியாது, ஆளும் இல்லை, இடமும் இல்லை என்பது அடுத்த மறுப்பு. மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இயங்கும் அங்கன்வாடிகளைப் பார்த்தால் இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவை ஆள் கேட்பவை அல்ல. சுவரில் தமிழில் ஒட்டிய ஒரு பக்க விதி, காலையில் கேட்கும் இரண்டு கேள்விகள் (‘மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? காய்ச்சல் எத்தனை நாளாக?’), அழைத்துப் போக ஆள் வரும்வரை குழந்தை படுக்க ஓர் ஓரம், சோப்பு, இவ்வளவுதான். ஆள் கேட்கும் இடம் ஒன்று உண்டு. சமைப்பவருக்கும் ஆயாவுக்கும் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதைப் பல விதித்தாள்கள் யோசிப்பதே இல்லை. சம்பளப் பிடித்தத்துக்குப் பயந்து அவர் வேலைக்கு வந்தால், தொற்று சாப்பாட்டுத் தட்டு வழியாக எல்லாக் குழந்தைகளுக்கும் போகும். ஊழியருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு கொடுக்காத மையம், பெற்றோரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

விடுப்பைத் தவறாகப் பயன்படுத்துவார்கள், அந்தச் செலவுக்குப் பயந்து நிறுவனங்கள் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கும் என்பார்கள். முதல் பாதிக்கு விடை எளிது: ஐந்தாறு நாள் என்ற எல்லைக்குள் நடக்கும் தவறு, தொற்றுள்ள குழந்தை உள்ளே வந்து பத்து வீடுகளின் வேலையைக் கெடுப்பதைவிடச் சிறியது. இரண்டாம் பாதி கவனிக்க வேண்டியது. மகப்பேறு விடுப்பின் முழுச் செலவையும் முதலாளி தலையில் வைத்தபோது எழுந்த தயக்கம் இங்கேயும் எழும். அதனால்தான் இந்த நாள்களுக்கான பணம் காப்பீட்டு நிதியிலிருந்து வர வேண்டும், அப்பாக்களுக்கும் அதே உரிமை இருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுபவர் அம்மாவாகத்தான் இருப்பார் என்ற எண்ணம் சட்டத்தில் இல்லாமல் போனால், வேலைக்கு ஆள் எடுப்பவரின் கணக்கிலும் மெல்ல இல்லாமல் போகும்.

செய்ய வேண்டியவற்றுக்கு வரிசையும் உண்டு. சான்றிதழையும் அபராதத்தையும் மையங்கள் நாளைக்கே கைவிடலாம். எந்த நோய்க்கு எத்தனை நாள் என்ற ஒரு பக்கப் பட்டியலை மாநில சுகாதாரத் துறை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளுக்கும், தனியார் மையங்களுக்கும் ஒரே மாதிரியாகக் கொடுக்கலாம். அப்போது ஆயாவும் அம்மாவும் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது. இ.எஸ்.ஐ. திருத்தம் டெல்லியில் நடக்க வேண்டியது, அதற்குத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு ஒரு நாள் வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நாளின் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் எழுதும் எந்த விதியும், செலவைத் தாயின் தலையிலும் நோயை மற்றக் குழந்தைகளின் தலையிலும் இறக்கிவைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.