வேளாண்மை படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "சார், பொண்ணை பி.எஸ்சி. அக்ரி சேர்க்கலாமா? கட்-ஆஃப் எவ்வளவு வரும்? வேலை கிடைக்குமா?" கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், "இந்த நாலு வருஷத்தில் அவள் யார் யாரைத் தெரிந்துகொள்வாள்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. வேளாண்மைப் படிப்புக்கு அதுவும் முக்கியம் என்பது என் கருத்து.

மற்ற பல வேலைகளில் கூட வேலை பார்ப்பவர்கள் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். இங்கே விவசாயி வயலில் இருப்பார், உதவி வேளாண்மை அலுவலர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார், உரக்கடைக்காரர் கடைவீதியில், வியாபாரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில். நாளைக்கு நம் பிள்ளை அதிகாரி ஆனாலும் சரி, வங்கியில் பயிர்க்கடன் பார்த்தாலும் சரி, விதை கம்பெனிக்குப் போனாலும் சரி, இவர்கள் எல்லோரும்தான் சக பணியாளர்கள்.

அந்தப் பழக்கத்துக்குப் பாடத்திட்டத்திலேயே வாய்ப்பு இருக்கிறது. இறுதியாண்டில் 'ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்று கிராமத்தில் தங்கிப் படிக்க அனுப்புகிறார்கள். பிள்ளைகள் தரையில் கலர் பொடியால் ஊர் வரைபடம் போடுகிறார்கள். விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, தென்னைக்கு வேர் மூலம் மருந்து கட்டுவது என்று செய்து காட்டுகிறார்கள். மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பல இடங்களில் அந்தப் படத்தோடு உறவு முடிந்துவிடுகிறது. விவசாயி அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பதில் சொல்லியிருப்பார். அவருக்குத் திரும்பி வந்தது என்ன? அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வந்து அதே கேள்வியைக் கேட்டால், "போன வருஷமே சொல்லிட்டேன் தம்பி" என்று நகரத்தான் செய்வார்.

மண் மாதிரி எடுப்பதையே பாருங்கள். வயலில் பல இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டி, கலந்து, கால் பங்காகக் குறைத்துக்கொண்டே வந்து, அரை கிலோ எடுப்பார்கள். இதைச் செய்து காட்டுவதோடு நிறுத்தினால் அது செய்முறைத் தேர்வு. அந்த மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஐயா, சாம்பல் சத்து போதுமான அளவு இருக்கு, பொட்டாஷைக் குறைச்சுக்கலாம்" என்று கணக்குப் போட்டுச் சொன்னால், அதுதான் தொழில் உறவின் தொடக்கம். அறுவடை முடிந்து, "மகசூல் எப்படி ஐயா?" என்று ஒரு போன் செய்தால் அந்த உறவு நிலைத்துவிடும்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் வேளாண் பட்டதாரி அல்ல. நம்மாழ்வார் ஐயாவோடு பழகிக் கற்றவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். விழாவுக்கு வந்த விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விதை பெருகியது ஒரு பக்கம். கொடுத்தவரும் வாங்கியவரும் மறுபடி சந்திக்க ஒரு காரணம் அதிலேயே இருந்தது. 2018-இல் அவர் மறைந்துவிட்டார். அந்த இரண்டுக்கு நாலு என்ற கணக்கை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். வாங்கியதைக் கூட்டித் திருப்பித் தருபவரை ஊர் மறக்காது.

"செமஸ்டருக்கு நடுவில் இதற்கெல்லாம் நேரம் ஏது சார்?" என்பீர்கள். நியாயம்தான். பழகியவர் எல்லோரையும் தொடர வேண்டாம், ஐந்து விவசாயிகள் போதும். தெரியாததைக் கேட்டால், "தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டு வந்து சொல்லவும் வேண்டும். கல்லூரிகளும் அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், ஒரு பருவம் கழித்து அந்த விவசாயியிடம் திரும்பிப் போனதற்கும் போடலாம்.

பட்டம் படிக்காத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 700-க்கும் மேல் இருக்கின்றன. காளான், தேனீ, ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போகிறவர்கள் சான்றிதழோடு கூடப் படித்தவர்களின் நம்பரையும் வாங்கி வாருங்கள். விற்பனைக்கு அவர்கள்தான் துணை.

வேளாண் துறையிலும், வங்கியிலும், உரக்கடையிலும் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைத் தேடி ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். எந்த ஊரில், என்ன பயிரில் வேலை பார்க்கிறீர்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். இந்த வருஷம் சேரப்போகும் பிள்ளைகளுக்கு உதவும்.