சுற்றுக் கணக்கு நோட்டும் ஒரு சுவடிதான்

பழைய மின்கருவியைச் சீர்செய்வது குறித்து இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. தமிழ் இலக்கியம் படித்து, கல்லூரியில் பதிப்பு வரலாறும் பாடபேதமும் நடத்தும் எனக்கு, ஆர்மெச்சரும் கார்பன் பிரஷ்ஷும் அந்நியமானவை. ஆனால் கூடலூரில் ஒரு ரீவைண்டிங் கடையின் பலகையில் அமர்ந்திருந்த சில மாலைகள், நான் வகுப்பில் சொல்லும் பாடத்தை எனக்கே திருப்பிச் சொல்லின. அதனால் இதை எழுதுகிறேன்.

என் தந்தை தச்சர். கயிற்றுத் துறப்பணத்தால் துளையிட்டுப் பழகிய கை அவருடையது. 1972இல் மதுரையில் பழைய பொருளாக ஒரு மின் துளைக்கருவி வாங்கினார். கனத்த அலுமினிய உடல், கைத்துப்பாக்கி போன்ற பிடி, சாவி போட்டு முடுக்கும் சக்கு. பெயர்த்தகட்டில் பாதி எழுத்து அப்போதே அழிந்திருந்ததாம். 'ஏசி/டிசி 220' என்பது மட்டும் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. எங்கள் தெருவில் பல வீடுகளின் கதவுக் கீல்கள் அந்தக் கருவி இட்ட துளைகளில்தான் இன்றும் நிற்கின்றன. தந்தை மறைந்த பின் அது பரணில் கிடந்தது. சென்ற ஆண்டு எடுத்துப் பார்த்தபோது, ரப்பர் ஒயர் தொட்டாலே உதிர்ந்தது.

கடைக்காரர் என்னைவிட இருபது வயது மூத்தவர். திராட்சைத் தோட்டங்களின் பம்புசெட் மோட்டார்கள்தாம் அவருக்குச் சோறு போடுகின்றன. கருவியைத் திறந்து, சீரிஸ் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயில் போயிருச்சு சார். எடைக்குப் போட்டா காப்பருக்கு வெலை கெடைக்கும். வேணாம்னா, பாடிய மட்டும் வச்சுக்கிட்டு உள்ள புது மோட்டார உக்கார வச்சுத் தாரேன். பெயிண்டும் அடிச்சிரலாம், புதுசாட்டம் இருக்கும்."

"பழைய மாதிரியே ஓட வைக்க முடியாதாண்ணே?" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "முடியும். ஆனா பிரிச்சு எண்ணணும். பிரிச்சா பழசு போச்சு, கணக்கு மட்டுந்தான் மிஞ்சும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இக்கட்டுரைக்கு வித்து.

பழைய கருவியின் முன் நமக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எடைக்குப் போடுவது. இரண்டாவது, புதுப்பிப்பது, அதாவது பளபளப்பாக்குவது. இன்று காணொளிகளில் பெரும்பாலும் காணப்படுவது இதுதான். துருவேறிய கருவி இருபது நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆகிறது. பழைய பூச்சு முழுவதும் சுரண்டப்படுகிறது, அழிந்த பெயர்த்தகட்டுக்குப் பதிலாகப் புதிய தகடு அச்சிடப்படுகிறது. மூன்றாவது, மீட்பது. காக்கக்கூடியதைக் காத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி, எதை மாற்றினோம் என்று எழுதி வைப்பது. என் கட்சி மூன்றாவது. இரண்டாவது வழி முதலாவதைவிட மேலானது என்றுகூட நான் கருதவில்லை. எடைக்குப் போட்டால் ஒரு சான்று மறைகிறது. பளபளப்பாக்கினால் அந்த இடத்தில் ஒரு பொய்ச்சான்று வந்து அமர்ந்துகொள்கிறது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏட்டில் சிதைந்த இடத்தைத் தம் புலமையால் நிரப்ப அவரால் இயலாதா? இயன்றிருக்கும். ஆனால் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் இல்லாதவையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே அச்சேறின. பிரதிபேதங்கள் அடிக்குறிப்பில் நின்றன. அந்தப் புள்ளிகளை நம்புவதால்தான் எஞ்சிய சொற்களையும் நாம் நம்புகிறோம். என் தந்தையின் கருவிக்குப் புதிய பெயர்த்தகடு செய்து தருவதாக ஒரு மாணவர் ஆர்வத்துடன் முன்வந்தபோது, வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. அழிந்த எழுத்து அழிந்ததாகவே இருக்கட்டும்.

அந்தத் தகட்டில் எஞ்சிய 'ஏசி/டிசி' என்ற குறிப்பே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. மின்சாரம் பரவிய தொடக்கக் காலத்தில் நகரத்துக்கு நகரம் மின்னோட்டத்தின் வகை வேறுபட்டது. சில இடங்களில் நேர்மின்னோட்டம், சில இடங்களில் மாறுமின்னோட்டம். இரண்டிலும் ஓடும் 'யுனிவர்சல்' மோட்டாரில் நிலைச்சுருளும் சுழலும் ஆர்மெச்சரும் ஒரே தொடரில் இணைந்திருக்கும். கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் கம்யூட்டேட்டரை அடையும். ஓட்டத்தின் திசை மாறினாலும் இரண்டின் காந்தப் புலமும் சேர்ந்தே மாறுவதால் சுழலும் திசை மாறுவதில்லை. வெல்லம்போல எளிய இந்த யுக்திதான் கருவியை மேசையிலிருந்து கைக்கு வரவழைத்தது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895இல் கையில் தூக்கிச் செல்லும் மின் துளைக்கருவியைச் செய்தது. முல்லைப் பெரியாறு அணையின் நீர் எங்கள் பள்ளத்தாக்குக்குத் திறந்துவிடப்பட்டதும் அதே 1895இல்தான். துப்பாக்கிப் பிடியும் விரல்விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. பாஷ் நிறுவனம் 1928இல் வெளியிட்ட முதல் மின்கருவி துளையிடுவதன்று, முடிவெட்டுவது. கைப்பிடிக்குள்ளேயே மோட்டாரை அடக்கிய 'ஃபோர்ஃபெக்ஸ்' அது.

நம் பக்கத்துக் கதையும் சிறிதன்று. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினர் என்பது பலரும் அறிந்தது. நாயுடுவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 'ரசந்த்' மின் சவரக் கருவி உலர் மின்கலத்தில் ஓடியது. கோவை தன் கருவிகளுக்குக் காட்சிக்கூடம் வைத்திருக்கிறது. ஆனால் கருவிகளைச் செய்த ஊருக்கு வரலாறு இருப்பதுபோல, அவற்றைப் பழுதுபார்த்து ஓடவைத்த ஊர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எங்கள் ஊரையடுத்த லோயர் கேம்ப்பில், மலையைக் குடைந்து வரும் பெரியாற்று நீர் குழாய்களில் இறங்கி 1950களின் இறுதியிலிருந்து மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் வந்த காலத்து மோட்டார்கள் எத்தனை முறை எரிந்தன, யார் அவற்றை மீண்டும் சுற்றினார்கள் என்பதை எழுதியவர் எவருமில்லை.

எழுதியவர் இல்லை என்றா சொன்னேன்? தவறு. ஒருவர் எழுதியிருக்கிறார்.

என் கருவியின் ஆர்மெச்சரைப் பிரிக்கத் தொடங்கியபோது, கடைக்காரர் மேசையிழுப்பிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். அட்டை கிழிந்து, வார்னிஷ் கறை படிந்து, ஓரங்கள் எண்ணெயில் கறுத்த நோட்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு மோட்டார்: எத்தனை காடி, ஒரு காடியில் எத்தனை சுற்று, கம்பியின் கேஜ் என்ன, எந்தக் காடியில் தொடங்கி எந்தக் காடியில் முடிகிறது. எரிந்த காயிலைப் பிரிக்கும் அந்த ஒரு தடவைதான் சுற்றுகளை எண்ண முடியும். பிரித்த கம்பி பழைய செம்பாகக் கடைக்குப் போய்விடும். அதன்பின் அந்த மோட்டாரின் உள்ளமைப்புக்கு இந்த வரியே ஒரே பிரதி. மூலஏடு எரிந்தபின் எஞ்சும் ஒற்றைப் படி.

பழைய பருத்திநூல் உறையிட்ட கம்பியை அவர் நிதானமாக அவிழ்த்து எண்ணினார். காடிகளில் செருகியிருந்த மூங்கில் ஆப்புகளை எடுத்துத் தனியே வைத்தார். எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏடு பார்த்து ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் பழைய முறை அது. எட்டாவது காடியில் எண்ணிக்கை இரண்டு குறைந்தது. "முன்னாடி யாரோ ஒருத்தரு சுத்திருக்காரு சார், இது கம்பெனி சுத்து இல்ல" என்றார். ஆக, நாங்கள் மூலம் என்று எண்ணியதே ஒரு படிதான்! அந்தப் பெயரறியாத கையின் பிழையையும் குறித்துக்கொண்டோம். புதிதாகச் சுற்றும்போது மற்ற காடிகளின் எண்ணிக்கையையே இதற்கும் கொண்டோம். ஆனால் நோட்டில் இரண்டும் இருக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய கருவிகள் ஆபத்தானவை. உலோக உடல், நொறுங்கிய காப்பு, எர்த் இல்லாத இரட்டைக் கம்பி. என் தந்தையே இருமுறை அதிர்ச்சி வாங்கித் தூக்கியெறியப்பட்டவர். பழமைப் பற்றுக்காக உயிரைப் பணயம் வைப்பதா என்று கேட்டால், கூடாது என்பதே என் விடை. காப்பு விஷயத்தில் எந்தப் பழமையையும் காக்கலாகாது. கம்பி, காடித்தாள், வார்னிஷ், வெளி ஒயர் அனைத்தும் புதியவை. மூன்றுகம்பி ஒயர் இட்டு உடலுக்கு எர்த் கொடுத்தோம். மெக்கர் வைத்துச் சோதித்த பின்னரே ஸ்விட்ச் போட்டோம். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. பழைய கம்பியின் ஒரு முழமும் ஓர் ஆப்பும் உறையில் இருக்கின்றன. மீட்டல் என்பது மாற்றாமல் வைத்திருப்பதன்று, மாற்றியதை மறைக்காமலிருப்பது.

இன்னொரு மறுப்பு, செலவு. அந்தப் பணத்தில் புதிய துளைக்கருவியே வாங்கிவிடலாம். உண்மைதான். எல்லாக் கருவியையும் இப்படி மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தச்சர் ஒருவர் அன்றாடப் பிழைப்புக்குப் புதியதையே வாங்கட்டும். அரியதும், உருவம் வேறுபட்டதும், ஓர் ஊரின் வேலையைச் செய்ததுமான சிலவற்றையாவது இப்படி மீட்டால் போதும்.

ஆனால் கருவிகளைவிட எனக்குக் கவலை தருவது அந்த நோட்டுத்தான். கடைக்காரரின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். தொழிலைத் தொடர ஆளில்லை. "எனக்கப்புறம் இது பழைய பேப்பர் கடைக்குத்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தமிழகத்தில் ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடைகள் இருக்கின்றன. கணக்கு எழுதும் வழக்கம் உள்ள கடை ஒவ்வொன்றிலும் இப்படியொரு நோட்டு இருக்கும். ஏட்டுச்சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனதைப் பற்றி ஒவ்வோராண்டும் வகுப்பில் வருந்துகிறோம். நம் கண்ணெதிரே போகும் சுவடிகளைச் சுவடி என்று அறிவதற்கு நமக்குப் பயிற்சியில்லை.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வேண்டியதில்லை. தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவரும் ஒரு கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். ஒருவருக்குக் கையெழுத்தை வாசிக்கத் தெரியும், மற்றவருக்கு எண்ணின் பொருள் தெரியும். கடைக்காரரின் ஒப்புதலோடு பக்கம் பக்கமாகப் படமெடுத்து, படியெடுத்து, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடலாம். 'சுத்து', 'காடி', 'ஆப்பு' என்று அவர்கள் புழங்கும் சொற்கள் நம் கலைச்சொல் அகராதிகளுக்கும் வேண்டியவை.

என் கருவி இப்போது ஓடுகிறது. உடலின் கீறல்கள், தந்தையின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுப்பான பிடி, பாதியழிந்த தகடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நோட்டின் எண்பத்தேழாம் பக்கத்தில் அதன் கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது. இதுவரை அந்த நோட்டின் நாற்பது பக்கங்களைப் படியெடுத்திருக்கிறேன். பாக்கி இருப்பது ஏறக்குறைய நூறு பக்கம். விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும்.