வெட்டப்போகும் கொய்யா மரத்தை ‘காப்பி’ எடுக்க முடியுமா?

பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் 2021-இல் நகராட்சி ஆனது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வேலைகளை நம்பி வீடுகள் பெருகுகின்றன. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் போவது கொல்லைப்புறக் கொய்யாவும் மாதுளையும்தான். ‘விதை எடுத்து வெச்சிருக்கோமே’ என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால், விதை போட்டால் அதே மரம் வராது.

ஏன் வராது?

விதை மகரந்தச் சேர்க்கையில் உருவாவது. தாய்மரத்தின் ருசி அப்படியே வரும் என்று உறுதி இல்லை. கிளையிலிருந்து எடுக்கும் செடி தாய்மரத்தின் நகல். கொய்யா என்றால் 2, 3 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். இது புது விஷயமும் இல்லை. அனுராதபுரத்து அரசமரம், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயை மரத்திலிருந்து கொண்டுவந்த கிளை என்பது இலங்கை மரபு.

எப்படிச் செய்யணும்?

கொய்யா, எலுமிச்சைக்கு விண்பதியம். பென்சில் பருமனுள்ள, ஒரு வயதுக் கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டிவிடுங்கள். ஈரமான தென்னை நார்க்கழிவை அதைச் சுற்றி வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கி இரு முனையும் கட்டுங்கள்.

இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழி அடைபட்டதும் வெட்டுக்கு மேலே தேங்கும். அங்கே வேர் விடும். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது. ஒன்றிரண்டு மாதத்தில் வேர் தெரிந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டி, தொட்டியில் வைத்து, சில வாரம் நிழலில் பராமரியுங்கள்.

மாதுளை இன்னும் சுலபம்: முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே துளிர்க்கும்.

சிக்கலே இல்லையா?

உண்டு. இந்தச் செடிகளுக்கு ஆணிவேர் இருக்காது; புயல் காற்றுக்கு முட்டு கொடுக்கணும். தாய்மரத்தில் வைரஸ் நோய் இருந்தால் நகலுக்கும் வரும். மா இப்படி எளிதில் வேர் பிடிக்காது. அதற்கு ஒட்டுக் கட்டுவதே வழி.

அடுக்குமாடி பிளானுக்கு அனுமதி வாங்கவே மாதங்கள் ஆகலாம். மரத்துக்குத் தேவை அதில் இரண்டு மாதம். ஜேசிபிக்கு போன் போடும் முன், நாலு கிளையில் பதியம் கட்டுங்கள். ஒன்று தவறினாலும் இன்னொன்று பிழைக்கும்.