வீட்டிலே கல்வியாம்! எவர் வீட்டிலே?

விடுமுறை வந்துவிட்டால் போதும். "குழந்தைகளை வீட்டிலேயே பயிற்றுவிப்பீர், வீட்டிலேயே மகிழ்விப்பீர்" என்று பெற்றோருக்கு அறிவுரை வழங்கப் பலர் கிளம்பிவிடுகின்றனர். நல்ல அறிவுரைதான்; மறுப்பார் இலர். ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி முள்ளாய்த் தைக்கிறது. வீடு, வீடு என்கிறார்களே, எந்த வீடு? அலமாரி நிறைய ஏடுகளும், அருகமர்ந்து சொல்லித்தர ஆளும் உள்ள வீடா? அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்க, தாயும் தந்தையும் பொழுது சாய்ந்த பின்னரே திரும்பும் வீடா?

கேள்வி புதியதன்று. 1953ஆம் ஆண்டிலே, முதலமைச்சராயிருந்த ஆச்சாரியார், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் கொணர்ந்தார். நாளொன்றுக்கு 3 மணி நேரம் பள்ளியிலே படிப்பு. எஞ்சிய நேரம் வீட்டிலே, பெற்றோர் செய்யும் தொழிலைக் கண்டு பழகுதல். கேட்பதற்கு இனித்தது. பெற்றோரே ஆசான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பள்ளிகள் போதவில்லை, இரு வேளையாகப் பிரித்தால் மேலும் பல பிள்ளைகள் படிக்கலாமே என்று கணக்கும் காட்டினர். கணக்கிலே பிழையில்லை என்றே கொள்வோம். சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியருகே நிற்பான், கணக்குப்பிள்ளையின் மகன் ஏட்டருகே அமர்வான். அந்த அரை நாளிலே இருவரும் கற்பது ஒன்றாகுமா? 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார். அண்ணாவின் தம்பிமார் களம் புகுந்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அன்று எதிர்த்தவர்களுக்கு வீட்டின்மீது பகையா? இல்லை. பள்ளியைப் பாதியாக்குவதற்கு வீட்டைச் சாக்காக்கியதே பகை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் பள்ளிக் கதவுகளை அடைத்தபோது, எவரும் திட்டமிடாமலே அந்தக் கேள்வி மீண்டும் வாசலில் வந்து நின்றது. கைப்பேசி இருந்த வீட்டிலே பாடம் நடந்தது. ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்த வீட்டிலே அரைப்பாடம். அதுவும் இல்லாத வீட்டிலே? பிள்ளை மாடு மேய்த்தது, கூலிக்கும் போயிற்று. 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கை கொடுத்ததை மறப்பதற்கில்லை. ஆனால், ஐயம் கேட்டால் பெட்டி விடை சொல்லுமா? 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் பாட்டாக, கதையாக, ஆட்டமாகப் பாடம். சொல்லித்தந்தோர் பெரும்பாலும் அதே தெருவின் பெண்கள். திங்களுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றவர்கள். எதிர்வீட்டு அக்காள் ஆசிரியையானாள்! படித்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்ததால்தான் அது முடிந்தது. முன்பே பள்ளி திறந்து வைத்தோர் இட்ட விதை அது.

அப்படியானால் வீட்டிலே ஒன்றுமே ஆகாதா? ஆகும். தரையிலே கரித்துண்டால் கோடு கிழித்து, 3 புலிகளையும் 15 ஆடுகளையும் கூழாங்கற்களாக வைத்துப் பாருங்கள். காசு செலவில்லை, ஏழு வயதுப் பிள்ளை அடுத்த நான்கு நகர்வுகளை எண்ணிப் பார்க்கக் கற்கும். தனித்து நின்ற ஆட்டைப் புலி தாவி வெட்டும். ஆடுகள் நெருங்கி நின்று வழியடைத்தாலோ புலி அசையாது. (இதைவிடச் சிறந்த அரசியல் பாடத்தை எந்த மேடையிலே நாம் தந்துவிட்டோம்?) பல்லாங்குழியின் 14 குழிகளிலே கூட்டலும் கழித்தலும் கிடக்கின்றன. விடுகதை சொல்லப் பாட்டி போதும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். வெளியே சமத்துவம் பேசும் தோழர்களையே கேட்கிறோம். பையன் ஆடுபுலி ஆடும்போது அவன் தங்கை எங்கே இருக்கிறாள்? பாத்திரம் துலக்குகிறாளா? தம்பியை இடுப்பில் சுமக்கிறாளா? அதுவும் வீடு நடத்தும் பாடந்தான். 1953இல் நாம் எதிர்த்த அதே பாடத்தை, அரசு ஆணை ஏதுமின்றி, நம் அடுக்களையிலே நாமே நடத்திக்கொண்டிருக்கிறோம். அண்ணனும் ஒருவேளை பாத்திரம் துலக்கட்டும். அவளும் புலியை மடக்கட்டும்.

இனி, படிப்பகங்கள். நாளேடு படிக்கவும் நாட்டு நடப்புப் பேசவும் நம் இயக்கம் ஊர்தோறும் திறந்தவை. இன்று பல இடங்களில் பூட்டுத் தொங்குகிறது. திறந்திருக்கும் இடத்திலே கேரம் பலகையைச் சுற்றிப் பெரியவர்கள். வீட்டிலே இடமில்லாத பிள்ளைக்கு ஒரு பாயும், ஒரு விளக்கும், பத்துப் புத்தகமும் அங்கே கிடைக்கலாகாதா? பெ. தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகளிலே ஒன்றேனும் அங்கே இருந்தால், படம் பார்க்க வரும் பிள்ளை எழுத்தையும் பார்க்கும். கிளைச் செயலாளர்கள் இந்த ஞாயிறு மாலையே சாவியைத் தேடட்டும். கேரம் பலகையையும் 6 மணி வரை பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்.