டிசெம்பரில் பிறந்த பிள்ளை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழியைப் பிள்ளைகளின் விடயத்தில் நாம் மிகத் தாராளமாகவே பயன்படுத்தி வருகிறோம். ஐந்து வயதுப் பிள்ளை பந்தை ஓங்கி உதைத்துவிட்டால் அது பிறவித் திறமை என்கிறோம். அதே மைதானத்தில் இன்னொரு பிள்ளை பந்துக்கு அஞ்சி ஒதுங்கி நின்றால், 'இவனுக்கு விளையாட்டு வராது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரண்டு முளைகளும் ஒரே நாளில் விதைக்கப்பட்டவைதானா என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி. அந்நாட்டின் முதன்மை விளையாட்டான ஐஸ் ஹொக்கியில் வயதுப் பிரிவுகள் ஜனவரி முதலாம் திகதியை எல்லையாகக் கொண்டு வகுக்கப்படுகின்றன. உயர்மட்ட அணிகளில் ஆடியவர்களின் பிறந்த மாதங்களைப் பார்ன்ஸ்லியும் அவரது சகாக்களும் ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் அளவுக்கு மிஞ்சியும், இறுதி மாதங்களில் பிறந்தோர் மிகக் குறைவாகவும் இருந்தனர். மல்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' என்ற நூலின் மூலம் இச்செய்தி உலகெங்கும் பரவியது. அவர் தரும் கணக்கின்படி, தேர்ந்த ஹொக்கி வீரர்களில் ஏறத்தாழ 40 வீதத்தினர் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்திலும், 10 வீதத்தினர் மட்டுமே ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலத்திலும் பிறந்தவர்கள்.

இதில் சோதிடம் ஏதுமில்லை, எளிய கணிதம்தான். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசெம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிறுத்தப்படும்போது, மூத்தது 71 மாதங்களையும் இளையது 60 மாதங்களையும் கடந்திருக்கக்கூடும். அந்தப் பதினொரு மாதங்கள் இளைய பிள்ளையின் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. உயரம், ஓட்டம், சொன்னதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல், தாயை விட்டு ஒரு மணி நேரம் பிரிந்திருக்கும் துணிவு ஆகிய அனைத்திலும் இந்த இடைவெளி தெரியும். இருபது வயதில் இதே பதினொரு மாதங்களுக்கு யாதொரு பொருளும் இல்லை. ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. மூத்த பிள்ளை 'திறமைசாலி' எனத் தெரிவாகிறது. நல்ல பயிற்றுநர், கூடுதல் பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள் என்று அதற்கு வாய்ப்புகள் சேர்கின்றன. இளையது மாற்று வீரர்களின் வாங்கில் அமர்ந்திருந்து, ஒருநாள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது.

எல்லைத் திகதியை மாற்றினால் பிரச்சினை தீராதா எனச் சிலர் கேட்கக்கூடும். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல் பிறந்த ஆண்டின் அடிப்படையில் பிரிவுகளை வகுக்கும்படி பணித்தது. ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் வெவ்வேறு அணிகளுக்குப் பிரிந்தனர். பெற்றோரின் அதிருப்தி ஓயவில்லை. 2026-27 பருவத்திலிருந்து ஒகஸ்ட் முதலாம் திகதியை எல்லையாகக் கொள்வதென அங்குள்ள முக்கிய இளையோர் அமைப்புகள் 2025இல் அறிவித்தன. கோட்டை எங்கே கீறினாலும் அதன் கீழ் முனையில் சில பிள்ளைகள் நிற்கத்தான் செய்வார்கள். டிசெம்பர் பிள்ளையின் சுமை ஜூலைப் பிள்ளையின் தலைக்கு மாறும், அவ்வளவே.

இலங்கையின் பாடசாலைத் துடுப்பாட்டத்தில் 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என இரண்டாண்டு இடைவெளியில் பிரிவுகள் அமைகின்றன. ஆகவே ஒரே பிரிவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வித்தியாசமுள்ள சிறுவர்கள் போட்டியிட நேரிடும்.

இந்நிலையில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன? புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவரிடையே இரு போக்குகளைக் காண்கிறேன். ஒன்று, பிள்ளையை மேற்பிரிவில் சேர்த்துவிட்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. மற்றது, வெற்றிக்கிண்ணத்துக்காகப் பிறந்த திகதியை மறைத்துக் கீழ்ப்பிரிவில் நுழைப்பது. வயது மோசடி எவ்வளவு தூரம் வளர்ந்தது என்றால், 2009இல் நைஜீரியாவில் நடைபெற்ற 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணப் போட்டியில் வீரர்களின் மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. கருவியால் சோதிக்கும் நிலைக்குச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் வந்தது. பிள்ளைக்கு விளையாட்டைக் கற்பிக்கப் போய்ப் பொய்யைக் கற்பிப்பதைவிட வீட்டில் இருத்திவைப்பது மேல்.

பிள்ளை சிறிதாகவோ கூச்ச சுபாவமுடையதாகவோ இருந்தால், பயிற்றுநரிடம் உண்மையைச் சொல்லிக் கீழ்ப்பிரிவில் இடம் கேட்பதில் இழிவு எதுவுமில்லை. சேர்க்குமுன் எல்லைத் திகதி எதுவெனக் கேளுங்கள். ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் காலில் எத்தனை முறை பந்து படுகிறது? வரிசையில் நிற்கும் நேரம் அதிகமா, ஓடும் நேரம் அதிகமா? பயிற்றுநரின் சொல் அதற்கு விளங்குகிறதா? முடிவில் அது சிரித்துக்கொண்டு வருகிறதா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைதான் சரியான வயதுப் பிரிவு. நீச்சல், கராத்தே போன்றவற்றில் வயதைவிடத் தேர்ச்சி நிலையே பெரிதும் கணக்கில் எடுக்கப்படுவதால், ஆண்டின் இறுதியில் பிறந்த பிள்ளைக்கு அவை நல்ல தொடக்கமாக அமையலாம். ஓராண்டு தாமதித்துச் சேர்ப்பதாலும் எதுவும் குடிமுழுகிப் போவதில்லை.

பெற்றோரை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. ஆறு வயதில் 'ஏ' அணி, 'பி' அணி எனப் பிரிக்கும் கழகங்களே முதலில் திருந்த வேண்டும். நம்மவர் கணிசமாக வாழும் நோர்வேயில், பிள்ளைகளின் விளையாட்டுக்கென 1987 முதல் தனி விதிகள் உள்ளன. அவற்றின்படி, பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வைக்கக் கூடாது. பதின்மூன்று வயதை எட்டும் ஆண்டு வரை தேசிய வல்லவர் போட்டிகளும் இல்லை. இப்படிப் 'போட்டியுணர்ச்சி இல்லாமல்' பிள்ளைகளை வளர்க்கும் அச்சிறிய நாடுதான் 2018, 2022 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் ஏனைய எல்லா நாடுகளையும்விட அதிக பதக்கங்களை வென்றது. விதிகள் மட்டுமே அதற்குக் காரணமென நான் சொல்லவரவில்லை. சிறுவயதில் தரம்பிரிக்காவிட்டால் வீரர்கள் உருவாகமாட்டார்கள் என்ற வாதம் எடுபடாது என்பதற்கு இது போதும்.

நமது முத்தையா முரளிதரனும் பாடசாலையில் வேகப்பந்து வீச்சாளராகத்தான் தொடங்கினார். சுழற்பந்துக்கு அவர் மாறியது பதினான்கு வயதளவில். அதற்கு முன்பே எவரேனும் தீர்ப்பு எழுதியிருந்தால் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் யாருக்கும் கிடைத்திருக்கமாட்டா.

எல்லாப் பயிரும் முளையிலே தெரிவதில்லை. சிலவற்றுக்கு இன்னும் ஒரு மழை வேண்டியிருக்கிறது. அதுவரை பிடுங்கி எறியாமல் இருப்பதே பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் உள்ள முதற்கடமை.