யார் வரைந்த படம்?

(இளம் அறிவியல் - கணிதம், இரண்டாம் ஆண்டு)

கலை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை தூரிகையும் வண்ணக் கிண்ணமும். கணிதம் என்றவுடன் வந்து நிற்பது கரும்பலகை. இவ்விரண்டும் ஒரே திரையில் சந்திக்கின்ற இடம் ஒன்று உண்டு. நம் கல்லூரியில் அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். பேசினாலும், "அது கணிப்பொறி போடும் படம், மாணவன் போட்டதன்று" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி சரிதானா என்று கேட்பதே என் நோக்கம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் குறிப்பிடுவது, 'பிராக்டல்' எனப்படும் வடிவங்களைப் படத்திருத்த மென்பொருளில் உருவாக்கும் கலையை. தமிழில் 'பகுவல்' என்றும் எழுதுகின்றனர். பெயர் புதிதாக இருக்கலாம்; பொருள் நம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. முருங்கைக் கீரை ஆய்ந்தவர்கள் அறிவர். பெரிய ஈர்க்கில் சிறிய ஈர்க்குகள் எதிரெதிராகக் கிளைக்கின்றன. அச்சிறிய ஈர்க்கில் ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்தால், அதுவே ஒரு குட்டி முழு இலையைப் போலத் தோன்றுகிறது. பகுதி முழுமையைப் போலவே இருக்கிறது, செய்தி அவ்வளவுதான். முருங்கை இரண்டு மூன்று படிகளோடு நிறுத்திக் கொள்கிறது. கணிதத்துக்கு நிறுத்தத் தெரியாது!

இவ்வடிவங்களுக்கு 1975-ல் பெயர் சூட்டியவர் பெனுவா மாண்டல்பிராட். போலந்தில் பிறந்து, பிரான்சில் படித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். 'உடைந்தது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தார். ஆனால், பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. கஸ்தோன் ஜூலியா என்ற பிரெஞ்சுக்காரர், முதல் உலகப் போரில் மூக்கை இழந்து, முகத்தில் தோல்பட்டை கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். கலப்பெண் சார்பு ஒன்றில் வந்த விடையை மீண்டும் அதே சார்பில் இட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று 1918-ல் அவர் ஆராய்ந்து எழுதினார். அந்த ஆய்வு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முறையான படம் இல்லாமலே கிடந்தது. 1980-ஐ ஒட்டித்தான் மாண்டல்பிராட் கணிப்பொறியின் துணையால் அவற்றைப் படமாக்கிக் கண்டார். சமன்பாடும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. "இது பார்க்கத் தக்கது" என்று எண்ணுவதற்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தார்.

வரலாறு இருக்கட்டும். படம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்காமல், அது யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது அல்லவா? ஆகவே செய்முறைக்கு வருகிறேன்.

நான் பயன்படுத்துவது 'கிம்ப்' என்னும் மென்பொருள். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர் இதை எழுதத் தொடங்கினர். அவர்களும் அப்போது மாணவர்களே. இதற்கு விலை கிடையாது. என் போன்றோர்க்கு அது பெரிய செய்தி. எங்கள் வீட்டில் நான் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப் போகிறவன். நான் படித்த பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை. தைல வண்ணக் குழாயின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். என்னிடம் உள்ள மடிக்கணினி, அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அரசு விலையின்றி வழங்கியது. அக்கா மேலே படிக்கவில்லை. பெட்டி என்னிடம் வந்தது. இருபது லேயருக்கு மேல் போனால் அது திணறும். எனவே ஒவ்வொரு படியிலும் லேயர்களை ஒன்றாக்கிவிட்டு, அந்தப் படியைத் தனிக் கோப்பாகச் சேமித்துக் கொள்வது என் வழக்கம்.

2048 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு வெற்றுத் தாளைத் திரையில் எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 'அ' என்ற எழுத்தைப் பெரிதாக வையுங்கள். அதைப் பாதியாகச் சுருக்கி, மூன்று படிகள் எடுத்து, கீழே இரண்டும் மேலே நடுவில் ஒன்றுமாக அடுக்குங்கள். மூன்றையும் ஒரே படமாக்குங்கள். அந்தப் படத்தை மறுபடியும் பாதியாக்கி, மறுபடியும் மூன்றாக அடுக்குங்கள். மூன்றாம் முறை முடிந்ததும் 27 'அ' இருக்கும். ஐந்தாம் முறையில் 243. எட்டாம் முறையில் 6,561. அப்போது ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் எட்டு பிக்சல்தான். எழுத்து மறைந்து போயிருக்கும். அதன் இடத்தில், போலந்துக் கணித அறிஞர் சியர்பின்ஸ்கி 1915-ல் விவரித்த முக்கோணம் நிற்கும்: நடுவில் ஓட்டை விழுந்த முக்கோணம், அதன் மூலைகளில் ஓட்டை விழுந்த முக்கோணங்கள்.

இனித்தான் வியப்பு. 'அ'வுக்குப் பதிலாகச் சேவலின் படத்தை வைத்துத் தொடங்குங்கள். தென்னை மரத்தை வைத்துத் தொடங்குங்கள். எட்டாம் படியில் வந்து நிற்பது அதே முக்கோணம்! ஒவ்வொரு முறையும் பாதியாகச் சுருங்கும்போது, தொடக்கப் படங்களுக்கு இடையே இருந்த வேறுபாடும் பாதியாகச் சுருங்குகிறது. இதற்குரிய கணிதத்தை 1981-ல் ஆஸ்திரேலியரான ஜான் ஹட்சின்சன் முறைப்படுத்தித் தந்தார். நான் அதைத் தெரிந்துகொண்டது பிறகு. திரையில் சேவல் கரைந்து முக்கோணமானதைப் பார்த்தது முதலில். வகுப்பில் எல்லை, குவிதல் என்று படித்த சொற்கள் எனக்கு உண்மையாகப் பொருள்பட்டது அந்த இரவில்தான்.

அப்படியானால், எட்டாம் படியில் எல்லார் படமும் ஒன்றே என்றால், அதில் என் கலை எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டாம் படியில் என் கலை இல்லை என்பதே என் விடை. அது கணிதத்தின் படம். ஆனால் மூன்றாம் நான்காம் படிகளில் நிறுத்திப் பாருங்கள். எட்ட நின்றால் முக்கோணம், கிட்ட வந்தால் 'அ'. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் இடம் அது. அங்கே நிறுத்துவது யார்? இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றுதான், பதினொன்றும் ஒன்றுதான். (பதினொன்றோடு எழுத்து ஒரே பிக்சல் ஆகிவிடும்; அதற்குமேல் போக இடமில்லை.) மூன்று படிகளில் ஒன்றை மட்டும் கால் வட்டம் திருப்பி வைத்தால், முக்கோணம் போய் வேறொரு வடிவம் எழுகிறது. ஒன்றாக்குவதற்கு முன் இடது மூலைப் படிக்கு மட்டும் செம்மை ஏற்றினால், அச்செம்மை ஒவ்வொரு படியிலும் செம்மைக்குள் செம்மையாகப் பாய்கிறது. எதைத் திருப்புவது, எவ்வளவு, எங்கே செம்மை என்பதெல்லாம் ஒருவன் உட்கார்ந்து, பார்த்து, வேண்டாம் என்று தள்ளி, மீண்டும் செய்து முடிவு செய்பவை.

சுருள் வடிவமும் அப்படியே. ஓர் இலையை வரைந்து, 90 விழுக்காடாகச் சுருக்கி, 15 பாகை திருப்பி, அடுத்த படியை வை. இப்படி 24 முறை செய்தால் ஒரு முழுச் சுற்று. கடைசி இலை முதல் இலையில் ஏறத்தாழ 8 விழுக்காடு. போட்டோஷாப்பில் முன் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்ய ஒரு விசைச் சேர்க்கை உண்டு. கிம்பில் நான் ஒவ்வொரு முறையும் எண்ணை இட்டே செய்கிறேன். சுருக்கியதையே திரும்பத் திரும்பச் சுருக்கினால் ஓரங்கள் மங்கிவிடும். ஆகையால் 90, 81, 72.9, 65.6 என்று பெருக்குத் தொடரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலையையும் மூலப் படத்திலிருந்தே நேராகச் சுருக்க வேண்டும். இதைச் சோம்பேறியின் வேலை என்பவர்கள் ஒரு நாள் என்னோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

சோம்பேறியின் வேலையும் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கிம்பிலேயே 'ஃபிளேம்' என்று ஒரு ஃபில்ட்டர் இருக்கிறது. ஸ்காட் டிரேவ்ஸ் என்பவர் 1992-ல் கண்ட முறை அது. திறந்து, முதலில் வருவதை ஒப்புக்கொண்டால், புகையும் நெருப்பும் பட்டுத்துணியும் கலந்தாற்போல ஒரு படம் நொடியில் வந்து விழும். அதை அச்சிட்டு, கீழே தன் பெயரை எழுதிக்கொள்ளும் நண்பர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. அவர்கள் படங்களை வரிசையாக வைத்தால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த ஃபில்ட்டரின் ஒவ்வொரு திருகையும் திருப்பிப் பார்த்து, எந்த எண் என்ன செய்கிறது என்று அறிந்து செய்பவன் வேறு. அவனை நான் மதிப்பேன்.

சென்ற ஆண்டு, வேறோர் ஊரில் நடந்த கலைவிழா ஓவியப் போட்டிக்கு நான் ஒரு படம் அனுப்பினேன். கணிப்பொறிப் படம் கூடாது என்று விதிகளில் இல்லை. ஆயினும் அவ்வகைப் படங்கள் அனைத்தும் ஒரு மேசையில் தனியே ஒதுக்கப்பட்டு, மதிப்பெண் இன்றித் திரும்பின. எனக்கு வருத்தம்தான். ஆனால் நடுவரை நான் முற்றும் குறை கூற மாட்டேன். 2022 முதல், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படம் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. அந்த மேசையில் அவையும் கிடந்தன. எது எவ்விதம் பிறந்தது என்று பார்த்தவுடன் சொல்ல யாரால் முடியும்? பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவியிடம் படம் வாங்கிய மாணவரை, "இந்தக் கிளை ஏன் இங்கே வளைகிறது?" என்று கேட்டால் விழிப்பார். என்னைக் கேட்டிருந்தால், சுருக்கம் எவ்வளவு, திருப்பம் எவ்வளவு, எந்தப் படியில் நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று சொல்லியிருப்பேன். எட்டுக் கோப்புகளும் சட்டைப் பையில் பென் டிரைவில் இருந்தன. யாரும் கேட்கவில்லை.

கை நடுங்காமல் ஒரு கோட்டை இழுக்கப் பத்தாண்டு பழகியவரும், எண்ணைத் தட்டிச் சுருள் செய்பவனும் ஒன்றா என்பர் சிலர். ஒன்றல்ல. கைப்பழக்கத்தின் அருமை எனக்குத் தெரியும். அந்தப் பரிசில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் கைப்பழக்கம் ஒன்றே கலை என்றால் புகைப்படத்தை என்ன செய்வது? 1859-ல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் புகைப்படத்தைக் கலையின் கொடிய பகை என்றே சாடினார். இன்று புகைப்படப் போட்டி இல்லாத கல்லூரி விழா உண்டா?

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் திரையில் செய்த படம் ஒன்றைக் காட்டியபோது, அழகு என்றும் சொல்லவில்லை, கணிப்பொறி போட்டதா என்றும் கேட்கவில்லை. "இது எத்தனை புள்ளி?" என்றார். கோலம் போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது விதி. கோலம் எல்லாம் பிராக்டல் என்று கூறுவது மிகை. நான் கூற மாட்டேன். ஆனால் சின்னக் கோலத்தின் படிகளைச் சேர்த்து இணைத்து அடுத்த அளவுக் கோலம் ஆக்கும் வகைகள் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரையை 1974-ல் வெளியிட்டனர். மாண்டல்பிராட் தம் சொல்லைப் படைப்பதற்கு ஓராண்டு முன்பு! அது வந்தது கணிப்பொறிப் படவியல் பற்றிய பன்னாட்டு ஆய்விதழில். கணித மாணவர்களாகிய நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே நம் கல்லூரிக் கலை மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழாவில் கணிப்பொறிப் படத்துக்கென ஒரு பிரிவு வேண்டும். படத்தோடு, அது வளர்ந்த ஒவ்வொரு படியின் கோப்பையும் மாணவர் தர வேண்டும். படத்தின் பின்புறத்தில் விதியை இரண்டு வரியில் தமிழில் எழுத வேண்டும். நடுவர் விரும்பினால், "15 பாகைக்குப் பதில் 20 வைத்துக் காட்டு" என்று அங்கேயே கேட்கலாம். செய்யத் தெரியாதவர் போட்டியிலிருந்து விலகிக் கொள்ளட்டும். இதற்காகக் கணிப்பொறி ஆய்வகத்தின் இயந்திரங்களில் கிம்பை ஏற்றி, சனிக்கிழமை முற்பகல் மட்டும் திறந்துவிட்டால் போதும்; பணச் செலவு இல்லை.

இதை விண்ணப்பமாகவும் எழுதியிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் கையொப்பமிட்டுள்ளனர். அவர்களுள் நால்வர் தாவரவியல் மாணவியர். பெரணி இலையை விதியாக எழுத முடியுமா என்று கேட்டு வந்தவர்கள். தாள் என்னிடம் இருக்கிறது. உணவு இடைவேளையில் நூலகத் திண்ணையில் இருப்பேன்.