இரண்டு பற்றரியில் ஓடும் விளையாட்டு

பிரிக் கேம் என்றால் உங்களில் பாதிப்பேருக்கு உடனே விளங்கும். கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் பெட்டி, சாம்பல் நிறத் திரை, மேலிருந்து விழும் கட்டைகள். கோயில் திருவிழாக் கடைகளில் பலூனுக்கும் தண்ணித் துவக்குக்கும் நடுவில் தொங்கும். மட்டையில் 9999 விளையாட்டு எண்டு போட்டிருப்பாங்கள். நம்ப வேண்டாம். உள்ளுக்கு இருக்கிறது ஒரு சில விளையாட்டுத்தான். வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக் கணக்குக் காட்டுகிறார்கள்.

இந்தப் பழைய சாமானைப் பற்றி இப்ப ஏன் கதைக்க வேணும்? 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது, வகுப்புக்கெண்டு ஜெயபுரம் மாதிரியான ஊர்களிலும் வீட்டுக்குள் ஃபோன் வந்தது. வகுப்பு முடிந்தது, ஃபோன் பிள்ளையின் கையிலேயே நின்றுவிட்டது. அதைப் பறித்தால் பதிலுக்கு என்ன குடுக்கிறது என்பதுதான் இப்போது பல அம்மாமாரின் கேள்வி.

முதலில் கொஞ்சம் கதை. டெட்ரிஸை 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கினார். 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாய் அதை உலகத்தின் சட்டைப்பைக்குள் கொண்டுபோனது. பிறகு சீனாவில் செய்த மலிவு நகல்கள் வந்தன. அவை ஆசியா முழுக்கப் பரவிய 90களில், வன்னிக்குள் பற்றரியே தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு விளையாட்டுக்குப் பற்றரி எங்க? அதனால் எங்களுக்கு முந்தின தலைமுறையில் கனபேர் இதைத் தவறவிட்டவர்கள்.

இனி நல்லதைப் பார்ப்போம். இரண்டு பென்டோச் பற்றரி போதும். டேட்டா வேண்டாம், ரீலோட் வேண்டாம். நடுவில் விளம்பரம் வராது, காசு கட்டி அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லாது, தெரியாத ஆள் யாரும் மெசேஜ் அனுப்பமாட்டான். திரைக்கு உள்வெளிச்சம் இல்லாததால் வெயிலில் நல்லாய்த் தெரியும், இருட்டில் தெரியாது. போர்வைக்குள் ஒளித்துவைத்து இரவு இரண்டு மணிவரை விளையாட முடியாது. என்னைக் கேட்டால் அதன் மிகப் பெரிய நல்ல குணம் இதுதான்.

இன்னொன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஒக்ஸ்போர்ட் ஆஸ்பத்திரி ஒன்றில், வீதி விபத்தில் சிக்கி வந்தவர்கள் சிலரை, ஆறு மணித்தியாலத்துக்குள் அந்த விபத்தை நினைக்கச் சொல்லி, பிறகு டெட்ரிஸ் விளையாட விட்டார்கள். அடுத்த ஒரு கிழமையில், கேளாமலே வந்து தாக்கும் விபத்துக் காட்சிகள் அவர்களுக்குக் குறைவாக வந்தன. கண்ணுக்குள் படம் பதியவும் கட்டையைத் திருப்பி அடுக்கவும் மூளை ஒரே இடத்தைப் பயன்படுத்துவதால் இப்படி நடக்கலாம் என்கிறார்கள். எங்கட ஊரில் இது காதில் விழவேண்டிய செய்தி. ஆனால் அது 71 பேருடன் செய்த சிறிய ஆய்வு, ஆய்வாளர்கள் பக்கத்தில் இருந்து நடத்தியது. 2009ஐக் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பெட்டியை மருந்தெண்டு யாரும் குடுக்கக்கூடாது. மனநல மருத்துவரிடம் போகவேண்டியவர் போகத்தான் வேணும்.

கெட்டதும் இருக்கு. அந்தக் கீச்சுச் சத்தம் வீட்டில் இருப்பவருக்குத் தலையிடி. டெட்ரிஸில் வெற்றி என்று ஒன்று இல்லை, எப்போது தோற்பது என்பதுதான் கேள்வி. அதனால் "இன்னும் ஒருக்கா" என்று கை தானாகப் போகும். கழித்த பற்றரியைக் குப்பையோடு கொளுத்துகிறோம், கிணற்றடியில் எறிகிறோம். எல்லாவற்றையும் விட, விளையாடுபவர் தனி ஆள். கிளித்தட்டில் தோற்றால் மறித்தவனோடு சண்டை பிடிக்கலாம், பிறகு சமாதானமாகலாம். இந்தப் பெட்டியோடு அது நடக்காது.

எனவே என் கருத்து: வாங்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஒன்று என்றில்லாமல் வீட்டுக்கு ஒன்று வாங்குங்கோ. ஆளுக்கு ஒரு ஆட்டம், தோற்றால் அடுத்தவர் கையில். புள்ளிகளைக் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கோ. அம்மம்மாவுக்கும் ஒரு முறை குடுங்கோ. அவ பற்றரியே கிடைக்காத காலத்தைக் கடந்து வந்தவ.